ஒட்டு வைத்த புருவம்

1967 பிப்ரவரித் தேர்தலில் பரங்கிமலைத் தொகுதியை எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே ஜெயித்தார். ஜனவரி 12ஆம் தேதி ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு அவர் கழுத்தில் பாய்ந்திருந்தது. தொகுதிக்கு அவருக்குப் பதிலாகப் போனது ஒரு படம், கழுத்தைச் சுற்றிய தடித்த வெள்ளைக் கட்டோடு. எங்கள் குடியாத்தத்துச் சுவர்களிலும் அதை ஒட்டியிருந்தார்கள். மார்க்கெட்டுக்குப் போகிற பெண்கள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் முன் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பிறகு வந்த படங்களில் அவர் குரல் பழைய குரலாக இல்லை, வார்த்தை குழறியது. இன்னொரு நடிகராக இருந்தால் தொழில் அதோடு முடிந்திருக்கும். இவருக்கு அந்தக் குழறலுக்கும் சேர்த்துக் கைதட்டினார்கள்; பத்தாண்டில் முதலமைச்சராகவும் ஆக்கினார்கள்.

காயம் எவ்வளவு பெரிது என்று ஜனங்கள் பார்ப்பதில்லை. எப்படி வந்தது என்றுதான் பார்க்கிறார்கள். வந்த கதை பிடித்திருந்தால் தழும்பும் மாலையாகிவிடும்.

சுட்டவருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. தமிழ்நாட்டுக்குத் தொழுநோயின் முகத்தைக் காட்டியவரே ராதாதான். திருவாரூர் கே.தங்கராசு எழுதிய நாடகத்தை ஊர் ஊராக மேடையேற்றிவிட்டு, 1954இல் கிருஷ்ணன் - பஞ்சு இயக்கத்தில் ‘இரத்தக்கண்ணீர்’ என்று படமாகவும் நடித்தார். சீமையில் படித்துத் திரும்பிய மோகனசுந்தரம் கட்டிய மனைவியைத் தள்ளிவைத்து, தாசி காந்தாவின் வீட்டில் சொத்தைத் தொலைத்து, குஷ்டம் பிடித்து, பார்வையும் போய்த் தெருவுக்கு வருவான். அந்த நடிப்பை இன்றைக்குப் பார்த்தாலும் சிரிப்பும் நடுக்கமும் சேர்ந்தே வருகிறது. நான் அதில் குறை சொல்லத் துணியமாட்டேன். ஆனால் கொட்டகையை விட்டு வெளியே வந்த ஒரு தலைமுறை, குஷ்டம் என்றால் தாசி வீட்டுக்குப் போனதற்குக் கூலி என்று முடிவு கட்டிக்கொண்டது. ஹான்சன் என்கிற நார்வே மருத்துவர் அந்தக் கிருமியைக் கண்டு சொன்னது 1873இல். மெதுவாகப் பெருகுகிற கிருமி. பெரும்பாலானோர் உடம்பு அதைத் தானாகவே விரட்டிவிடும். அதற்கும் படுக்கைக்கும் சம்பந்தம் இல்லை. கொட்டகையில் இதையெல்லாம் யார் சொல்லப்போகிறார்கள்?

எங்கள் பெரியப்பா குடியாத்தத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தார். முன்னறையில் காமிராவும் திரைச்சீலையும், பின்னால் இருட்டறை, நடுவே சன்னலோரம் ஒரு சாய்வு மேசை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் உட்காருகிற இடம் அந்த மேசையின் பக்கத்துப் பலகை. நெகட்டிவை மேசைமேல் செருகி, பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் பெரியப்பா புள்ளி புள்ளியாக வைப்பார். அதற்கு டச்சிங் என்று பெயர். முகத்தில் குழி இருக்கிற இடத்தில் நிழல் விழும். நெகட்டிவில் அந்த நிழல் தெளிவான ஓட்டையாகத் தெரியும். அந்த ஓட்டையைப் பென்சிலால் மூடிவிட்டால் பிரிண்டில் குழி இருக்காது. ஒரு கல்யாணப் பெண்ணின் முகத்தை வழவழப்பாக்க அவருக்கு ஒரு மத்தியானம் போதும். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற போட்டோ என்றால் கூலி கொஞ்சம் கூட. பெண்ணைப் பெற்றவர்கள் பிரிண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘எங்க பொண்ணு மாதிரியே கீதுங்க’ என்று மனமாரச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அப்போது பென்சிலுக்கு ஓயாத வேலை கொடுத்தது பெரியம்மைத் தழும்புதான். தெருவுக்கு நாலைந்து வீட்டில் அந்த முகம் இருந்தது. எங்கள் அத்தைக்குக் கன்னம், மூக்கு, நெற்றி எல்லாமே குழி. ‘ஆத்தா விளையாடிட்டா’ என்று அதைச் சொல்வார்கள். விளையாடியது மாரியம்மன், வந்து தங்கினாள், முத்துப் போட்டாள், இறங்கிப் போனாள். அம்மன் தொட்டுவிட்டுப் போன முகத்தை யார் பழிக்க முடியும்? அத்தைக்குக் கல்யாணம் கொஞ்சம் தள்ளிப்போனது உண்மை. ஆனால் சீமந்தத்தில் வளையல் அடுக்கவும், ஆரத்தி எடுக்கவும், புது வீட்டில் பால் காய்ச்சவும் அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். ஒரு கல்யாணத்துக்கு எடுத்த குடும்பப் படத்தில் பெரியப்பா தங்கச்சி முகத்திலும் பென்சிலை ஓட்டிவிட்டார். அத்தைக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! ‘நான் எங்கே இதுல? இவ யாரு?’ என்று படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டார். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது. 1980இல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவித்தார்கள். என் பிள்ளைகள் அந்த முகத்தைத் தெருவில் கண்டதே இல்லை.

அந்த ஸ்டூடியோவுக்கு ஒரு தறிக்காரர் வந்தார். லுங்கி நெய்கிறவர், முப்பது வயதுக்குள் இருக்கும். முகத்தில் ஒரு தழும்பு கிடையாது. களையான மூக்கு, நல்ல பல்வரிசை. புருவம் மட்டும் இல்லை. இரண்டு கண்ணுக்கு மேலும் துடைத்துவிட்டதுபோல வெறும் தோல். பெண் பார்க்கக் கொடுத்தனுப்ப ஒரு படம் வேண்டும் என்று கூச்சத்தோடு கேட்டார். உட்கார வைத்து எடுத்தாகிவிட்டது. அவர் போனதும் பெரியப்பா நெகட்டிவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘வடுவா இருந்தா எடுத்துடலாம்பா. இல்லாத புருவத்த எங்கேருந்து கொண்டாறது?’ என்றார். தொழிலில் அது மெய்யான சிக்கல். பென்சிலால் வெளுப்பாக்க மட்டும்தான் முடியும். கறுப்பு வேண்டுமென்றால் நெகட்டிவைக் கத்தியால் சுரண்ட வேண்டும், அல்லது பிரிண்டின்மேல் மையால் எழுத வேண்டும். எழுதிப் பார்த்தார். கூத்துக்காரன் வேஷம்போல வந்தது.

தறிக்காரருக்குத் தொழுநோய் குணமாகி வருஷமாகிவிட்டது, டாக்டர் கொடுத்த சீட்டுக்கூட வைத்திருக்கிறார் என்று பெரியப்பா பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் எங்கள் பக்கத்தில் புருவம் உதிர்ந்த முகத்தைக் கண்டால் எவரும் சீட்டைக் கேட்கமாட்டார்கள். அவர் உட்கார்ந்து போன ஸ்டூலைக் கடைப் பையன் சோடா உப்புப் போட்டுக் கழுவினான். பெரியப்பா அதைத் தடுக்கவும் இல்லை. குழி விழுந்த அத்தைக்கு ஆரத்தித் தட்டு. இரண்டு விரற்கடை மயிர் இல்லாத இவருக்குச் சோடா உப்பு. முகத்தை மட்டும் வைத்து அளந்தால் இந்தக் கணக்கு எந்த விதத்திலும் நேராகாது. ஒன்று ஆத்தா கதை, இன்னொன்று மோகனசுந்தரம் கதை.

இரண்டு மூன்று வருஷம் கழித்து அதே தறிக்காரர் புருவத்தோடு வந்து நின்றார். அடர்ந்த கறுப்புப் புருவம், லேசாக மேல்நோக்கிச் சீவியது. வேலூரில் வைத்துக்கொண்டதாகச் சொன்னார். காதுக்கு மேலே தலைமுடி முளைக்கிற தோலில் ஒரு கீற்றை, அதன் ரத்தக்குழாயை அறுக்காமல், நெற்றித் தோலுக்கு அடியில் சுரங்கம்போல வழி செய்து இழுத்துவந்து புருவத்து மேட்டில் தைத்துவிடுகிறார்கள். ரத்தம் ஓடுவதால் ஒட்டு பிடித்துக்கொள்ளும். பிறப்பால் அது தலைமுடி, அதனால் வளர்ந்துகொண்டே போகும். மாசத்துக்கு ஒருமுறை அம்பட்டரிடம் காட்ட வேண்டும். ‘கிராப்பு வெட்டும்போதே இதையும் வெட்டிக்கறேங்க’ என்று சொல்லிவிட்டுத் தறிக்காரர் சிரித்த சிரிப்பு என் காதில் இருக்கிறது. வேலூரில் சிலர் வெட்டவே மாட்டார்களாம், அப்படியே நீளமாக வளரவிட்டுப் பெருமையாகத் திரிவார்களாம். இல்லாமல் இருந்தவனுக்குத்தானே அதன் அருமை தெரியும்.

இந்த வேலையை வேலூரில் வேரூன்ற வைத்தவர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர். பெற்றோர் அங்கே ஊழியம் செய்தவர்கள். 1946இல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி போன கையைச் சுட்டுக்கொண்டும் அறுத்துக்கொண்டும்தான் இழக்கிறார்கள் என்பதைத் தேடிக் கண்டு சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். மடங்கிப்போன விரல்களைத் தசைநார் மாற்றி நிமிர்த்தினார். அப்படி நிமிர்ந்த கையோடு ஊருக்குப் போன சிலர் முகம் வாடித் திரும்பி வந்தார்கள். பிச்சைக்கு இந்தக் கை ஆகவில்லை, காசு விழவில்லை. முகத்தைப் பார்த்து வேலையும் தரமாட்டேன் என்கிறார்கள். கையைச் சரிசெய்து பிழைப்பைக் கெடுத்துவிட்டீர்கள் என்பது அவர்கள் முறையீடு. கையோடு நிற்க முடியாது என்று பிராண்டுக்குப் புரிந்தது. தச்சு வேலை கற்றுத்தர வளாகத்துக்குள்ளேயே ‘நவஜீவ நிலையம்’ என்று குடிசைகள் எழுந்தன. முகத்துக்கும் கத்தி எடுக்க வேண்டிவந்தது. காட்பாடி பக்கம் கரிகிரியில் தொழுநோய்க்கென்றே தனி ஆஸ்பத்திரியும் வந்தது. தறிக்காரருக்குப் புருவம் வைத்த காலத்தில் பிராண்ட் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். தைத்தது அவர் பழக்கிய கைகள்.

புருவம் மட்டுமா, மூக்கும் உண்டு. தொழுநோயில் மூக்கின் உள்தோல் சுருங்கி வெளிமூக்கை உள்ளே இழுத்துவிடும். மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வெட்டி, உள்பக்கமாகவே புதுத்தோல் வைத்து மூக்கைத் தூக்கி நிறுத்தினால் வெளியே ஒரு தழும்பும் தெரியாது. இந்த வழியை வகுத்தவர் ஹெரால்டு கில்லீஸ், நியூசிலாந்துக்காரர். முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்கு வெளியே தலை நீட்டித் தாடை போனவர்களையும் மூக்கு போனவர்களையும் அள்ளிவந்து இங்கிலாந்தில் சிட்கப் என்கிற ஊரில் போட்டார்கள். 1917இல் அங்கே அவருக்கென்று ஒரு மருத்துவமனை. ஐயாயிரத்துக்கும் அதிகமானவர்களுக்குப் பதினோராயிரத்துக்கும் மேலான அறுவைகள் அங்கே நடந்தன. வார்டுகளில் முகம் பார்க்கும் கண்ணாடி கூடாது. ஊருக்குப் போகிற சாலையோரம் சில பெஞ்சுகளுக்கு நீலச் சாயம் அடித்து வைத்தார்கள்: இதில் உட்கார்ந்திருப்பவன் முகம் எப்படியும் இருக்கும், வருகிறவர்கள் முன்கூட்டியே மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

இரண்டாம் போர் வந்தபோது கில்லீஸின் உறவினர் ஆர்ச்சிபால்டு மெக்கின்டோ ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற ஊரில், விமானத்தில் தீப்பிடித்து வெந்துபோன விமானிகளுக்கு முகம் கட்டினார். மனுஷர் நீல பெஞ்சு வேலையெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. நோயாளி உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படைச் சீருடையில் ஊருக்குள் போகச் சொன்னார். வார்டிலேயே பீர்ப் பீப்பாய் வைத்தார். ஊர்க்காரர்களிடம், இவர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள், வெறித்துப் பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். நோயாளிகள் 1941இல் ‘கினிப் பன்றிச் சங்கம்’ என்று தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டு ஒரு சங்கம் வைத்தார்கள். போர் முடிந்தபோது அதில் 649 பேர். வெறித்துப் பார்க்காத ஊர் என்று அந்த ஊருக்குப் பெயர் வந்தது. கில்லீஸைவிட மெக்கின்டோவின் கை பெரிது என்று சொல்லமாட்டேன். ஊரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டது பெரிது. ஆனால் அங்கேயும் கதை துணைக்கு இருந்தது: எரிந்தவர்கள் தேசத்தைக் காத்த விமானிகள். கொதிக்கிற எண்ணெய் கொட்டிய ஒரு சமையல்காரனுக்கு ஊர் அத்தனை பேரும் விருந்து வைத்திருப்பார்களா, தெரியாது.

மூக்கு என்றதும் நம் ஊர்க் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1650களின் பிற்பகுதியில் மைசூர்ப் படை திருமலை நாயக்கரின் சீமைக்குள் இறங்கி, கையில் அகப்பட்டவர்களின் மூக்கையெல்லாம் அறுத்து மூட்டை மூட்டையாக அனுப்பியது. சேதுபதியின் துணையோடு அதை விரட்டிய மதுரைப் படை மைசூர் எல்லைக்குள் புகுந்து அங்கேயும் அதையே செய்தது. மூக்கறுப்புப் போர் என்றே அதைச் சொல்கிறார்கள். மூக்கை அறுத்தால் ஆள் சாகமாட்டான். அவமானத்தை முகத்தில் சுமந்துகொண்டு இருப்பான். அதனால்தான் இந்த நாட்டில் மூக்கு ஒட்டுகிற கைவேலையும் தழைத்தது. திப்பு சுல்தானோடு நடந்த போரில் ஆங்கிலேயரிடம் வண்டியோட்டிய கவாஸ்ஜி என்பவரைப் பிடித்து மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். புனேவுக்குப் பக்கத்தில் செங்கல் அறுக்கிற சாதியைச் சேர்ந்த ஒருவர், மெழுகில் மூக்கு செய்து, அதை நெற்றியில் தட்டையாக விரித்து அளவெடுத்து, அந்தத் தோலைத் திருப்பி இறக்கிப் புது மூக்கு வைத்துக் கொடுத்தார். 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்று அதைப் படத்தோடு வெளியிட்டது. அதைப் படித்த கார்ப்யூ என்கிற மருத்துவர் 1814இல் லண்டனில் செய்து பார்த்தார். அங்கே மூக்கில்லாதவனுக்குக் கதை வேறு: அவனுக்கு மேக வியாதி. அதே குழிக்குத் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தண்டனை என்று அர்த்தம், லண்டனில் ஒழுக்கக்கேடு என்று அர்த்தம். தோல் மட்டும் புனேவிலும் லண்டனிலும் நெற்றியிலிருந்துதான் வந்தது.

எங்கள் தெருவில் பிற்பாடு குடிவந்த ஒரு டீச்சருக்கு மோவாய் தொடங்கி நெஞ்சுவரை தீக்காயம். ஆறின தோல் சுருங்கிக் கழுத்தை நெஞ்சோடு ஒட்டவைத்திருந்தது. நிமிர்ந்து கரும்பலகையின் மேல்பாதியில் எழுத முடியாது. சென்னையில் அந்த ஒட்டை விடுவித்து, தொடைத் தோலை எடுத்து வைத்தார்கள். ஒரே தடவையில் ஆகிற வேலையில்லை. தோல் மறுபடி சுருங்கும், மறுபடி போக வேண்டும், மாதக்கணக்கில் கழுத்துப் பட்டை போட வேண்டும். கடைசியில் கழுத்து நிமிர்ந்தது. பலகையின் உச்சியில் தேதி எழுதினார். தெருவில் கேள்வி மட்டும் நிற்கவில்லை. தீக்காயம் பட்ட ஆண் என்றால் பட்டறை விபத்து என்று எடுத்துக்கொள்கிறோம். பெண் என்றால், தானே ஊத்திக்கிட்டாளா, மாமியார் வீட்டில் ஊத்தினார்களா, எவனாவது ஊத்தினானா? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி டிக்கெட் வாங்குவதற்குள் கேட்டுவிடுவாள். டீச்சர் ஒருநாள் அம்மாவிடம் சொன்னார்: ‘சின்னப் பிள்ளையில காமாட்சி விளக்கு சாஞ்சுடுச்சுன்னு சொல்லிடுவேன்க்கா. அதுக்கு மேல யாரும் கேக்கறதில்ல.’ நடந்தது என்ன என்று அம்மாவுக்குத் தெரியும், எங்களிடம் சொன்னதில்லை. எந்தக் கதைக்குக் கேள்வி அடங்கும் என்று டீச்சர் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தார். கத்தி முடித்த இடத்திலிருந்து மிச்ச வேலையை அவர் இப்படிச் செய்துகொண்டார்.

சட்டம் மெதுவாகத்தான் வருகிறது. அமிலம் வீசுவதைத் தனிக் குற்றமாக்கிக் குறைந்தது பத்தாண்டுச் சிறை என்று வைத்தது 2013இல். அமில வீச்சுக்கு ஆளானவர்களை மாற்றுத்திறனாளிகள் பட்டியலில் சேர்த்தது 2016இல். தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்கிற பிரிவைச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்தது 2019இல். கூட்டு மருந்து வந்து, நோய் முழுக்கக் குணமாகும் என்று நிரூபணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் கழிந்த பிறகு! இப்போது மனிதக் கண் போதாதென்று இயந்திரக் கண்ணும் சேர்ந்துகொண்டது. அமில வீச்சில் கண் சிமிட்ட முடியாமல் போன ஒரு பெண் வங்கிக் கணக்கு தொடங்கப் போனபோது, உயிரோடு இருப்பதைக் காட்டக் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சிமிட்டுவதை விட்டால் வேறு வழியே இல்லை என்று வைக்கக் கூடாது என 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் தீர்ப்பெழுதினார்கள்.

இவ்வளவும் நினைவுக்கு வந்தது போன மாதம் உறவில் பிறந்த ஒரு குழந்தையால். மேலுதடு பிளந்து பிறந்தது. பார்க்கப் போனவர்கள் ஒருவர் தவறாமல் அந்தப் பெண்ணிடம் கிரகணத்தன்று வெளியே போனாயா, காய் நறுக்கினாயா என்று கேட்டார்கள். அவள் மாமியார் பஞ்சாங்கத்தையே எடுத்துவைத்துக்கொண்டு தேடினார். கிரகணம் ஏழாம் மாதத்தில். கரு உருவாகி ஆறேழு வாரத்திலேயே மேலுதடு கூடிவிடுகிறது. அண்ணமும் பன்னிரண்டு வாரத்துக்குள். கூடாமல் போனால் அப்போதே போயிற்று. பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் உறைத்திருக்கும். ஏழாம் மாதத்துச் சந்திரன் வந்து கிழிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. கில்லீஸிடம் பழகிய மில்லார்டு என்பவர் 1950களில் வகுத்த முறையில், பிளவின் ஒரு பக்கத்தைச் சுழற்றி இறக்கி மறுபக்கத்தை முன்னே நகர்த்தித் தைக்கிறார்கள். நன்றாகத் தைத்த உதட்டில் மூக்கின் கீழே ஒரு மெல்லிய கோடு மட்டும் நிற்கும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு குழந்தை பிறந்தால் பஞ்சாங்கத்தைத் தூக்கி உள்ளே வையுங்கள். முதல் வாரமே அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். பள்ளி, அங்கன்வாடிக் குழந்தைகளுக்கான அரசின் நலத் திட்டத்திலேயே உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் இருக்கின்றன. பால் எப்படிப் புகட்டுவது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அதுதான் அவசரம். உதட்டை மூன்று மாதத்தை ஒட்டித் தைப்பார்கள். அண்ணத்தைப் பேச்சு வருவதற்கு முன், ஒன்று ஒன்றரை வயதுக்குள். பிறகு பேச்சுப் பயிற்சிக்கு விடாமல் கூட்டிப்போங்கள். பெற்றவளிடம் மட்டும் எதுவும் கேட்காதீர்கள்.